யாரு வீட்டு ஆளு?

அம்மா,

இன்று காலை பால் பாக்கெட் எடுக்க கேட்டைத் திறந்தேன். கம்பியில் ஒரு துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. அவிழ்ப்பதற்கு முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று மூக்குக்குத் தெரிந்துவிட்டது. மாசி. மீனை அவித்து, புகை காட்டி, வெயிலில் கட்டை போல இறுக வைத்த அந்த வாசத்தை வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. பைக்குள் நம் பால்மாவு டப்பா இருந்தது. நம் வீட்டுடையது என்று தெரிவதற்காக அதன் நீல மூடியில் நீ ஆணியால் கீறி வைத்த சிலுவை இன்னும் அழியவில்லை.

அந்த டப்பா எதிர்வீட்டு ரெஜினா சித்தியிடம் மாட்டிக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது போனது. இப்போது பதினோராம் வகுப்பு. இடையில் நீயும் போய்விட்டாய்.

துறைமுகத்துக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அப்பா சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். மேசைமேல் டப்பாவைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"ரெஜினாவா?"

"ஆமாப்பா."

"மாசியா?"

"ஆமா."

அப்பா மூடியின் மேல் விரலால் ஒருமுறை தடவினார். பிறகு, "சும்மா திருப்பிக் குடுத்துராத பிள்ள," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நம் தெருவில் எந்தப் பாத்திரமும் வெறுமையாகத் திரும்பிப் போகாது. எதிர்வீட்டுச் சித்தப்பாவின் தோணி மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப் போய்த் திரும்பும்போதெல்லாம் டப்பா நிறைய மாசி வரும். சம்பளம் வாங்கிய அன்று நீ அதில் மக்ரூன் நிரப்பி அனுப்புவாய். ஒருநாள் பேக்கரியில் மக்ரூன் தீர்ந்துபோய், நீ கொய்யாப்பழம் வைத்து அனுப்பினாய். "பேங்க் ஆபீசர் வீட்டுல பஞ்சம் வந்துட்டா?" என்று சித்தி தெருவில் நின்றே கத்தினாள். நீ சன்னலிலிருந்து, "மக்ரூனாத் தின்னு ஒன் பல்லு விழுந்துரும்னு நெனச்சேன் ளா, கொய்யாவக் கடிக்கியான்னு பாப்போம்!" என்றாய். நீங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நான் பிறந்தபோது என்னை முதலில் கையில் வாங்கியது சித்திதான் என்று நீ சொல்வாய். அதைச் சித்தி ஒருநாளைக்கு நாலு தடவை சொல்வாள்.

காலையிலிருந்து அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். இன்று சனிக்கிழமை, பள்ளி இல்லை. இதை எழுதத் தோன்றியது.

உன்னிடம் எதைக் கேட்டாலும் பதில் வரும். துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் ஏன் நங்கூரம் போட்டுக் காத்திருக்கின்றன, உப்பளத்துத் தண்ணீர் ஏன் இளஞ்சிவப்பாக இருக்கிறது, முத்து விளையாத சிப்பியை என்ன செய்வார்கள். தெரியாவிட்டால், "தெரியாது, பாத்துச் சொல்லுதேன்" என்பாய். சொல்லியும் விடுவாய். ஒரே ஒரு கதவுதான் பூட்டியிருந்தது. வங்கியைப் பற்றிக் கேட்டால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைக்க ஆரம்பிப்பாய். கண்ணாடியில் தூசி இருக்காது. துடைத்து முடிக்கும்போது வேறு பேச்சு தொடங்கியிருக்கும்.

நான் விடமாட்டேன். "இன்னைக்கு யாரும்மா வந்தா?"

"மனுசங்க வந்தாங்க."

"என்னத்துக்கு?"

"பேங்க் விசயம் பேங்குலயே இருக்கட்டும் பிள்ள."

ரெஜினா சித்தியின் கணக்கைப் பற்றி இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை மட்டும் நான் உன்னிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆண்கள் மாலேயிலும் துபாயிலும் கத்தாரிலும் இருக்கிற தெரு இது. ஒருவர் இழுவைப் படகில் சமையல்காரர், இன்னொருவர் வெல்டர், மற்றொருவர் ஹோட்டலில். ஒரே அறையில் தங்குகிற நாலைந்து பேர் காசைச் சேர்த்து, ஒரே ஆள் பேரில், சித்தியின் கணக்குக்கு அனுப்புவார்கள். தனித்தனியாக அனுப்பினால் கட்டணம் கூட. அந்தக் காலத்தில் இந்தத் தெருப் பெண்களில் உன்னை விட்டால் வங்கிக்குப் போய் இங்கிலீஷில் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் சித்தி ஒருத்திதான். அவள் எடுத்துக்கொண்டு வந்து வீடுவீடாகக் கொடுப்பாள். ஒரு பைசா கமிஷன் கிடையாது. இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, எல்லோருக்கும் கணக்கு திறக்கத் தெரியும். ஆனாலும் வழக்கம் நிற்கவில்லை.

நீ எத்தனையோ தடவை சொன்னாய். பால்காரர் வருகிற நேரத்தில் கேட்டருகே நின்று நீ சொன்னது எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. "ஆளுக்கொரு கணக்குத் தொறங்க. ஃபாரத்த நானே எழுதித் தாரேன்."

லில்லி பெரியம்மா சிரித்தாள். அவள் மகன் கத்தாரில் இருக்கிறான். "ஒங்க பேங்குல டோக்கன் எடுத்து, அந்த ஏசில நடுங்கிட்டு உக்காரதுக்கு, ரெஜினா மடில இருந்து வாங்கிட்டுப் போயிருவேன். ஒங்க பேங்குல 'சாப்ட்டியா'ன்னு கேப்பாங்களா?"

நீயும் சிரித்தாய்.

பிறகு அந்த மாதம் வந்தது. ஒருநாள் நீ வங்கியிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாய். கண்ணாடியைக் கழற்றினாய். நான் இன்னும் ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. கேள்வியே இல்லாமல் நீ கண்ணாடி துடைத்தது அன்றுதான் முதல் முறை.

அந்த வாரமே சித்திக்கு வங்கியிலிருந்து போன் வந்தது. உன் கிளைதான், ஆனால் பேசியது நீ இல்லை, வேறொரு அதிகாரி. கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம், பணம் அனுப்புகிறவர்கள் யார் யார், உங்களுக்கு என்ன உறவு என்று நேரில் வந்து விளக்கம் கொடுங்கள் என்றார்களாம். சித்தி போனைக் கையில் பிடித்தபடியே நம் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"ஏளா, என்னளா இது? ஒன் பேங்குல இருந்துதான் பேசுதாங்க. நான் என்ன திருடியா?"

நீ அடுப்படியில் நின்றாய். "போயி விளக்கம் குடு ரெஜினா."

"அதாம் ஏன்னு கேக்கேன்."

"என்னால சொல்ல முடியாது."

"தெரியாதா, சொல்ல முடியாதா?"

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சித்தி உன் முகத்தையே பார்த்தாள். உங்கள் இருவருக்கும் நடுவில் நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அன்று புரிந்தது ஒன்றுதான். நீ ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும், அந்த வாக்கியத்தை நீ சொல்லப் போவதில்லை.

"சரி," என்றாள் சித்தி. "ஆபீசர் அம்மாகிட்ட வந்து கேட்டது என் தப்பு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெண்கள் எல்லோரும் சித்தி வீட்டு முன்னறையில் கூடினார்கள். மாதா படத்துக்குக் கீழே பாய் விரித்திருந்தது. கணக்கு நின்றதால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சங்கடம். கிரேஸ் அக்கா ஓடு மாற்றப் பாதிக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தாள். லில்லி பெரியம்மாவின் பேத்திக்குக் கல்லூரியில் பணம் கட்ட வேண்டும். நீ வரவில்லை. நம் வீட்டுத் தெருச் சன்னலையும் சாத்திவிட்டாய். நீ என்னைத் தடுக்காததால் நான் போனேன்.

சித்தி எதையும் பார்த்து வாசிக்கவில்லை. பணம் அனுப்புகிற அத்தனை பேரின் பெயரும் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, உரியவர்கள் கையைத் தூக்கினார்கள்.

"அல்போன்ஸ்."

"என் வீட்டு ஆளு."

"ஜெரால்டு."

"என் மவன். ஒழுங்கா அனுப்புதானா, இல்ல வாரம் பூராப் படம் பாக்கானா?" என்றாள் லில்லி பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். தேநீர் வந்தது. கிட்டத்தட்டத் திருவிழாவுக்கு வரி பிரிக்கிற கூட்டம் போல ஆகிவிட்டது.

"மிக்கேல் ராயன்."

யாரும் கையைத் தூக்கவில்லை.

"மிக்கேல் ராயன் ளா. மாலேல இருக்காம்லா."

தெருமுனையில் நின்று மிக்கேல் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற ஊர் இது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தி கிரேஸ் அக்காவிடம் திரும்பினாள்.

"ஒன் கொழுந்தன் கூட ரூம்ல இருக்க ஆளுல்லா?"

"எனக்குத் தெரியாதக்கா. நான் லில்லி பெரிம்மா வகைன்னுல்லா நெனச்சேன்."

"எங்க வகைல ராயன் கிடையாது," என்றாள் பெரியம்மா. "நான் ரெஜினா புருசன் சொந்தம்னு நெனச்சேன்."

"என் புருசன் சொந்தமா? அவரு வகைல எனக்குத் தெரியாத ஆளா?"

"அப்ப யாரு வீட்டு ஆளு?"

லில்லி பெரியம்மா தேநீரைக் கீழே வைத்தாள். சித்தி மெதுவாகப் பேசினாள். மாதாமாதம் அந்தப் பெயரில் பணம் வரும். அதிகமில்லை, மற்றவர்கள் அனுப்புகிற அளவுதான். ஒரு பையன் ஸ்கூட்டரில் வருவான். செருப்பை வாசலில் விடுவான். 'அக்கா, அண்ணன் அனுப்பினது' என்பான். மரியாதையான பையன். ஒருநாள் அவளுக்கு மாதுளம்பழம் கூட வாங்கி வந்தான். அடுத்த பங்குக் கோயில் பையனாக இருக்கும் என்று நினைத்தாள். எந்த ஊர் என்று கேட்கவில்லை.

"கேக்கத் தோணல ளா. கேட்டா சந்தேகப்படுதா மாரி இருக்கும்லா," என்றாள். அவள் குரல் அப்படித் தேய்ந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நான் நம் வீட்டுக்கு ஓடினேன். நீ சாத்திய சன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். "அம்மா, ஒரு பேரு யாருக்குமே..." என்று ஆரம்பித்ததும் கையை நீட்டி என்னை நிறுத்தினாய்.

"என்கிட்ட சொல்லாத."

"இல்லம்மா, ஒரே ஒரு..."

"சொல்லாத பிள்ள."

நீ கண்ணாடியைத் துடைத்தாய். நான் காத்திருந்தேன். துடைத்து முடித்தும் நீ கண்ணாடியைப் போடவில்லை. மறுபடி துடைத்தாய். என் வாழ்க்கையில் நீ ஒரு பதிலுக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பது போலச் சொன்னாய்: "எது தெரியுமோ, எது தெரியலியோ, அத ரெஜினா அவ வாயால பேங்குல போயி சொல்லட்டும். மேனேஜர்கிட்ட. நாளைக்குக் காலைல கதவு தொறந்த ஒடனே. அவ்ளதான் சொல்லணும். போ."

நான் போய் அப்படியே சொன்னேன். சித்தியின் கண் நிறைந்துவிட்டது. அது வருத்தம் இல்லை, கோபம். "பத்தடி தூரத்துல இருக்கா. அவளுக்கு வாய் இல்லியா? பிள்ளய அனுப்புதா!"

ஆனாலும் போனாள். மறுநாள் காலை பெண்கள் எல்லோரும் ஒரு ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு வங்கிக்குப் போனார்கள். உள்ளே அவர்களைக் கண்டதும் நீ எழுந்து பின்னறைக்குப் போய்விட்டாயாம். லில்லி பெரியம்மா திரும்பி வந்து தெரு முழுக்கச் சொன்ன முதல் செய்தி அதுதான்.

கொஞ்ச நாளில் வெளியூரிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து சித்தியிடம் விசாரித்தார்கள். ஸ்கூட்டர் பையன் பிறகு வரவே இல்லை. மிக்கேல் ராயன் என்று ஒருவரும் இல்லை, அது கடன் வாங்கிய பெயர், இதேபோல வேறு ஊர்களிலும் வேறு கணக்குகள் உண்டு என்பது வரைதான் சித்திக்குச் சொன்னார்கள். பணம் எங்கே போனது என்று அவள் கேட்டதற்கு, "அது உங்களுக்கு வேண்டாம்மா" என்றார்களாம். கணக்கு பல மாதம் கழித்துத்தான் திறந்தது. அதற்குள் மழை வந்து கிரேஸ் அக்கா வீட்டுக் கட்டில் நனைந்தது. கடைசியில் எல்லோரும் ஆளுக்கொரு கணக்குத் திறந்தார்கள். ஃபாரம் எழுதித் தரச் சொல்லி ஒருவர்கூட உன்னிடம் வரவில்லை.

மாசி நின்றது. கோயிலில் சித்தி அடுத்த வரிசைக்கு மாறிப் போனாள். "பேங்குல இருந்துக்கிட்டு ஒரு வார்த்த சொல்லலியே" என்பதைத் தெருவில் எல்லாத் திசையிலிருந்தும் கேட்டேன். நான் உன்னிடம் வந்து, "தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கலாம்லா?" என்று கேட்டேன். நீ கண்ணாடியைத் துடைத்தாய். மறு வருஷம் உனக்கு உடம்பு சரியில்லாமல் போனது. மருத்துவமனையில் உன் கண்ணாடியை நான்தான் துடைத்துக் கொடுத்தேன். அப்போதும் நீ சொல்லவில்லை. உன் அடக்கத்துக்குச் சித்தி வந்தாள், கேட்டுக்கு உள்ளே வராமல் வெளியே நின்றாள், கல்லறை வரைக்கும் கடைசி ஆளாக நடந்தாள். என்னிடம் பேசவில்லை.

இந்த வருஷம் வணிகவியல் ஆசிரியை எல்லோரையும் ஒரு தலைப்பு எடுத்துப் பேசச் சொன்னார். மற்றவர்கள் ஜிஎஸ்டியும் பங்குச்சந்தையும் எடுத்தார்கள். நான் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதையும் பயங்கரவாதத்துக்குப் பணம் போவதையும் உலக நாடுகள் சேர்ந்து எப்படித் தடுக்கின்றன என்று எடுத்தேன். டீச்சர் கண்ணை விரித்தார். "ஏன் இது?" என்றார். "தெரிஞ்சுக்கணும் டீச்சர்" என்றேன். உண்மையான காரணம் உன் பூட்டிய கதவு.

அம்மா, அந்தக் கதவுக்குப் பின்னால் எவ்வளவு சுவாரசியமான இடம் இருக்கிறது! நீ ஏன் ஒரு சன்னலையாவது திறந்து காட்டவில்லை? நாடுகள் கூடி விதிகளை எழுதியிருக்கின்றன. பிறகு ஒரு நாட்டின் ஆட்கள் இன்னொரு நாட்டுக்குப் போய், அந்த விதிகளை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்களா என்று சோதிக்கிறார்கள். எங்கள் வகுப்பில் விடைத்தாளை மாற்றிக்கொண்டு திருத்துவோமே, அது போல. நாங்கள் "நீ எனக்குப் போடு, நான் ஒனக்குப் போடுதேன்" என்று பேசி வைத்துக்கொள்வோம். நாடுகளும் அப்படிச் செய்யுமா? உன்னிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பாய். ஒழுங்காக எழுதாத நாட்டின் பெயரைத் தனியாக எழுதி எல்லோருக்கும் தெரியும்படி வைத்துவிடுவார்களாம். கரும்பலகையில் பேசியவர்கள் பெயர் எழுதுவது போலவே.

ஒவ்வொரு நாட்டிலும் இதற்கென்று ஒரு அலுவலகம் இருக்கிறது. வங்கிகள் அனுப்புகிற சந்தேகங்கள் அங்கே போய்ச் சேரும். ஒரு நாட்டு அலுவலகத்துக்கு ஒரு பெயர் புரியாவிட்டால் இன்னொரு நாட்டு அலுவலகத்தைக் கேட்கும்: இவரை உங்களுக்குத் தெரியுமா? அதைப் படித்தபோது நூலக மேசையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு அதிகாரி, இந்தப் பக்கம் யாரோ ஒரு அதிகாரி, கேட்டுக்கொள்வதெல்லாம் 'யாரு வீட்டு ஆளு' என்றுதான். அதே கேள்வியை நம் தெரு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயில் உட்கார்ந்து கேட்டது. கொஞ்சம் தாமதமாகக் கேட்டது, அவ்வளவுதான்.

பெரிய பெரிய தொகையைத்தான் தேடுவார்கள் என்று நினைத்திருந்தேன். வெடி வைக்கிறவர்களுக்குப் பெரிய தொகை தேவைப்படாது, ஒரு குடும்பத்தின் மாதச் செலவு போன்ற சின்னத் தொகைகளாகவே போகலாம் என்று படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். மிக்கேல் ராயனின் பணம் எதற்குப் போனது என்று எனக்குத் தெரியாது. அந்த மாதுளம்பழம் நினைவுக்கு வந்தது. சித்தி அதில் பாதியை எனக்குத் தந்தாள்.

தாத்தா சங்கு குளித்த கதையை நீ சொல்வாயே. தண்ணீருக்குள் இறங்குவதற்கு முன் மேலே கயிறு பிடிக்கிறவரைத் திரும்பிப் பார்ப்பாராம். மச்சான் பிடித்தால்தான் இறங்குவாராம். நம் தெருப் பெண்கள் அத்தனை பேரும் சித்தி கையில் கயிற்றைக் கொடுத்தார்கள், அதில் தப்பே இல்லை. கயிற்றின் மறுமுனையில் யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிட்டார்கள்.

ஆனால் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது, நீ கோபித்துக்கொள்ளாதே. வெளியிலிருந்து பார்த்தால் சித்தியின் கணக்கும் திருடன் கணக்கும் ஒரே மாதிரி இருந்திருக்கும். பல நாடுகளிலிருந்து பல பெயர், ஒரே கணக்கு, வந்த உடனே பணமாக எடுப்பது. விதி எழுதியவர்களுக்கு, பணம் கொடுக்கும்போது 'சாப்ட்டியா' என்று கேட்கிற ஒருத்தி இருப்பாள் என்று தெரிந்திருக்காது. நாடுகள் கூடிப் பேசுகிற அந்த அறையில் லில்லி பெரியம்மாவையும் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தால் என்ன?

கடைசியில் அந்த விதியையும் கண்டுபிடித்தேன். சந்தேகம் என்று மேலே எழுதி அனுப்பினால், அனுப்பியதை அந்த ஆளிடம் சொல்லக் கூடாது. சாடை காட்டக் கூடாது. குற்றவாளியிடம் சொன்னால் ஓடிவிடுவான். யார் குற்றவாளி என்று முதலில் தெரியாது. அதனால் யாரிடமும் சொல்லக் கூடாது, ஒரே பெஞ்சில் படித்தவளிடமும். அதைப் பல தடவை வாசித்தேன். நீ எழுதி அனுப்பினாயா? அல்லது 'இவள் என் சிநேகிதி, இதை வேறு ஆள் பார்க்கட்டும்' என்று மேனேஜரிடம் சொல்லி ஒதுங்கிக்கொண்டாயா? அல்லது இந்தத் தெருவிலேயே கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நீதானா? விதி எனக்கு விதியைத்தான் சொன்னது, உன்னைச் சொல்லவில்லை.

மதியம் இதைப் பாதியில் நிறுத்திவிட்டு மாசியை இடித்தேன். மக்ரூன் வாங்கலாம் என்றுதான் நினைத்தேன். வந்த மாசியிலேயே சம்பல் செய்து கொடுக்கலாம் என்று பிறகு தோன்றியது. தேங்காய், வற்றல், சின்ன வெங்காயம், எலுமிச்சை என்று நீ செய்கிற மாதிரியே செய்தேன். டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தி, தெருவைக் கடந்தேன். அவ்வளவு அகலமான தெரு அது என்று எனக்குத் தெரியாது.

சித்தி கதவருகிலேயே நின்றிருந்தாள். நான் கேட்டைத் திறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

"உள்ள வா பிள்ள."

அதே முன்னறை, அதே மாதா படம். சித்தி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள், திறக்கவில்லை.

"போன வாரம் கோர்ட்டுல விசாரணைக்குக் கூப்புட்டாங்க," என்றாள். "வக்கீலு சொன்னாரு, 'நீங்களா மொத ஆளா வந்து சொன்னதுனால சாட்சியா நிக்கீங்கம்மா. சொல்லாம இருந்தா அந்தப் பக்கம் குத்தவாளியா நின்னுருப்பீங்க'ன்னு. பஸ்ல வரும்போது பூரா அதான் ஓடிட்டு இருந்துச்சு. மொத ஆளா நானா போனேன்? அவல்லா என்னய அனுப்புனா."

நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அவ இருந்த வரைக்கும் கோவத்த வச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப அத எங்கன கொண்டு வைக்கன்னு தெரியல." டப்பாவின் மூடியில் இருந்த சிலுவையை நகத்தால் தடவினாள். "பிள்ள, உண்மையச் சொல்லு. அவ எல்லாந் தெரிஞ்சுதான் அன்னைக்கு ஒன்ன அனுப்புனாளா? என்னயக் காப்பாத்தணும்னுதான?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உனக்குத் தெரியுமா? ஒரே ஒரு சொல். சித்தி அழுது முடித்திருப்பாள். கோயிலில் பழைய வரிசைக்கு வந்திருப்பாள். தெருவில் உன் பெயர் மறுபடி நல்ல பெயராகியிருக்கும். நான் படித்த விதியை எடுத்துச் சொல்லி அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்திருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நீ அவ்வளவு விலை கொடுத்துச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை, உனக்குப் பதிலாக நான் கற்பனை செய்து சொல்வதா?

"தெரியாது சித்தி," என்றேன். "அம்மா என்கிட்ட சொல்லல."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

சித்தி என்னையே பார்த்தாள். அன்று அடுப்படியில் உன்னைப் பார்த்தாளே, அதே பார்வை. பிறகு உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "என்ன பொம்பள ளா அவ! செத்தும் வாயத் தொறக்க மாட்டேங்கா!" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். டப்பாவைத் திறந்து சம்பலைக் கிள்ளி வாயில் போட்டாள்.

"உப்பே போடல நீ."

"மாசிலயே உப்பு இருக்கும்லா சித்தி?"

"யாரு சொன்னா? புஸ்தகத்துல போட்டிருக்கா?" எழுந்து உப்பை எடுத்துவந்து தூவி, விரலால் கலக்கினாள். "டப்பா இங்கன இருக்கட்டும். தோணி திரும்பி வரட்டும்."

சரி என்று தலையை ஆட்டினேன். சித்தியின் முகம் எனக்கு மங்கலாகத் தெரிந்தது. ஏன் என்று முதலில் புரியவில்லை. என் மூக்குக்கண்ணாடி கையில் இருந்தது. துப்பட்டா நுனியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன், எப்போது கழற்றினேன் என்றே தெரியவில்லை.

சித்தி அதைப் பார்த்துவிட்டாள்.

"தொடச்சது போதும் ளா," என்றாள். "போட்டுக்கோ."